துரைக்குப் பட்டப்பெயர் ரசம்

வெள்ளைக்காரன் நமக்கு வைத்த பட்டப்பெயர்கள் ஏராளம். அவற்றுக்காக நாம் ஏற்கெனவே போதுமான அளவு கோபப்பட்டாகிவிட்டது. இன்றைக்கு ஒரு மாறுதலாக, வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரனே வைத்த பட்டப்பெயர் ஒன்றைப் பார்ப்போம். இதில் கோபப்பட நமக்கு ஒன்றுமே இல்லை, ரசிக்க நிறைய இருக்கிறது.

அந்தப் பெயர் 'மல்'. இரண்டே எழுத்து. மல்யுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேரளத்து நண்பர்களை நாம் செல்லமாகக் கூப்பிடுவோமே, அதுவும் இல்லை. மதராஸ் மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர் கலெக்டரோ, கர்னலோ, ஜட்ஜோ, யாராக இருந்தாலும் சரி, கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த சக ஆங்கிலேயர்களுக்கு அவர் ஒரு 'மல்'. 'மல்லிகட்டானி' என்ற சொல்லின் சுருக்கம் அது. மல்லிகட்டானி என்றால்? நாக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மல்லிகட்டானி, மல்லிகத்தானி, மிளகத்தானி... ஆமாம், மிளகுத்தண்ணி!

தங்கள் சாம்ராஜ்யத்தில் சூரியனே மறைவதில்லை என்று மார்தட்டிய கூட்டம், அதில் ஒரு மாகாணத்தின் மொத்த அதிகார வர்க்கத்துக்கும் ரசம் என்று பெயர் வைத்திருந்தது. (மிளகுத்தண்ணி வேறு, ரசம் வேறு என்று கரண்டியோடு கிளம்பும் மாமிகளுக்கு: உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கர்னல்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.)

மற்ற இரண்டு மாகாணத்துக்காரர்கள் மட்டும் தப்பித்தார்களா? இல்லை. வங்காளத்து ஆங்கிலேயர் 'க்வி-ஹை'. வேலைக்காரனைக் கூப்பிட நாளெல்லாம் "கோயி ஹை?" என்று அவர்கள் கத்திய கத்தலே பெயராக ஒட்டிக்கொண்டது. "யாருப்பா அங்கே" என்பதையே உத்தியோகமாகப் பார்த்தவர்கள் என்று அர்த்தம். பம்பாய்க்காரர்கள் 'டக்'. டக் என்றதும் குளத்தில் நீந்தும் வாத்தைக் கற்பனை செய்யாதீர்கள். இது பாம்பே டக், அதாவது நம் மீன் மார்க்கெட்டில் வங்கரவாசி என்று விற்கிற மீன், அதன் கருவாடு. ஆக, இந்தியாவை ஆண்ட மூன்று மாகாணத் துரைமார்களின் பெயர்ப் பட்டியல்: யாருப்பா அங்கே, கருவாடு, ரசம்.

இதில் மெட்ராஸுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அவமானம் உண்டு. மற்ற மாகாணத்தவர்கள் மெட்ராஸை 'பினைட்டட்' என்று அழைத்தார்கள். இருட்டில் கிடக்கும் ஊர் என்று பொருள். கம்பெனி முதலில் கோட்டை கட்டி உட்கார்ந்த பெரிய ஊர்களில் ஒன்று இது. பின்னால் முளைத்த கல்கத்தா தலைநகரம் ஆகி, அண்ணனைப் பார்த்து நீ பட்டிக்காடு என்றது. தாம்பரத்தில் வீடு என்று சொன்னதும், "அப்படியா, சென்னைக்கு எப்போ வருவீங்க?" என்று கேட்கிற மயிலாப்பூர்ப் பெரியவர்களை உங்களுக்குத் தெரியும்தானே? 2021 நவம்பரில் தாம்பரம் தனி மாநகராட்சியே ஆகிவிட்டது. அவர்கள் கேள்வி மாறவில்லை.

இந்த மல்கள் கூடு கட்டி வாழ்ந்த இடங்களில் முக்கியமானவை நம் பக்கத்து ஊர்கள். பறங்கிமலையில் மெட்ராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம். பல்லாவரத்தில் கன்டோன்மென்ட். (பல்லாவரத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களிலேயே உருப்படியாக ஒன்றைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே மாதம் ஆதிமனிதனின் கல்லாயுதம் ஒன்று அங்கே அவர் கையில் சிக்கியது. மற்றவர்களுக்குச் சிக்கியது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு.) நாமும் சும்மா இருக்கவில்லை. கண்ட ஐரோப்பியனையெல்லாம் பறங்கி என்றோம், அவன் ஏறிய மலைக்கும் அதையே சூட்டினோம். கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் கப்பலிலிருந்து இறங்கியதும் யாரும் மல் ஆகிவிட முடியாது. அதற்கு முன் ஒரு வருஷமாவது 'கிரிஃபின்' ஆகத் திண்டாட வேண்டும். ஊருக்குப் புதுசு, ஒன்றும் தெரியாது, யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம் என்றால் அவன் கிரிஃபின். இந்தச் சொல் எப்படி வந்தது என்று அகராதிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1746 முதல் 1748 வரை இந்தியக் கடல்களில் ஆங்கிலக் கப்பற்படையை நடத்திய அட்மிரல் கிரிஃபின் என்று ஒருவர் இருந்தார், பாவம் அவருக்கு அதிர்ஷ்டம் போதவில்லை, ஒருவேளை அவர் பெயராக இருக்குமோ என்று கிசுகிசு பாணியில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நழுவிவிட்டார்கள்.

அதிர்ஷ்டம் போதவில்லை என்பது மரியாதைக்காகச் சொன்னது. அப்போது மெட்ராஸ் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அட்மிரல் கடலூர்ப் பக்கம் காவல் காத்தார். பிரெஞ்சுக் கப்பல்கள் அவருக்குப் போக்குக் காட்டிவிட்டு நேரே மெட்ராஸுக்குப் போய்ச் சரக்கை இறக்கின. ஊர் திரும்பிய அட்மிரலை ராணுவக் கோர்ட்டில் நிறுத்திப் பதவியைப் பிடுங்கினார்கள், அப்புறம் மனமிரங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அகராதிக்காரர்களின் சந்தேகத்துக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இருந்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. கோட்டைவிட்ட ஒருவர் பெயர் கோட்டைவிடுகிற எல்லோருக்கும் பொதுப்பெயர் ஆவது எவ்வளவு நியாயம்!

கிரிஃபின்களிலேயே தலைசிறந்த கிரிஃபின் யார் தெரியுமா? அண்ணாசாலை பக்கம் போனால் தீவுத்திடல் அருகே குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறாரே, சர் தாமஸ் மன்றோ, அவரேதான். ரயத்துவாரி தந்தவர், மக்கள் நேசித்த கவர்னர், எல்லாம் சரி. ஆனால் 1780 ஜனவரியில் கிளாஸ்கோவிலிருந்து வந்து இறங்கும்போது அவருக்கு வயது 18. கை நிறைய நற்சான்றுக் கடிதங்களோடு வெள்ளை உடையில் ஒரு பெரிய மனுஷர் வேலை கேட்டு வந்தார். துரையின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். இந்த சீமைத் துணியெல்லாம் இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது தம்பி, கொடுங்கள், நான் மாற்றிக் கொண்டுவருகிறேன் என்கிற தோரணையில் மூட்டையைக் கட்டினார். போனார். போனவர் போனவர்தான். பின்னாளில் ஒரு மாகாணத்துக்கே நிலவரி நிர்ணயித்த மூளை, மாற்றுத் துணிக்கு மாதக்கணக்கில் அல்லாடியது. வங்கியிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்க சார் என்று நம்மைக் கேட்கிறவர்களின் பாட்டனாரை மன்றோ நேரிலேயே சந்தித்திருக்கிறார்.

சிலை பற்றியும் ஒரு வார்த்தை. குதிரைக்குச் சேணம் இல்லை, கால் வைக்க வளையம் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், பிறகு உணர்ந்து தற்கொலை செய்துகொண்டார் என்று தலைமுறை தலைமுறையாக ஒரு கதை ஓடுகிறது. அதெல்லாம் சும்மா. செய்தவர் சர் பிரான்சிஸ் சான்ட்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரையும் அவர் இதே மாதிரி வெறும் குதிரையில்தான் ஏற்றியிருக்கிறார். அது அவருடைய ஸ்டைல். வந்த புதிதில் துணியை இழந்தவருக்கு, போன பிறகு சேணமும் போயிற்று. அவ்வளவுதான்.

மன்றோ என்றதும் இன்னொரு மன்றோவுக்கு வருவோம். இவர் சர் ஹெக்டர் மன்றோ. 1764இல் பக்சார் போரில் ஜெயித்த மாவீரர். 1780 ஆகஸ்ட் கடைசியில், மைசூரின் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமையை உலுக்கிக்கொண்டிருந்தபோது, இந்த மாவீரர் ஐயாயிரத்துச் சொச்சம் வீரர்களோடு பறங்கிமலையிலிருந்து கிளம்பினார். காஞ்சிபுரம் போவது, வடக்கேயிருந்து வரும் கர்னல் பெய்லியின் படையோடு சேர்வது, ஹைதரை நொறுக்குவது என்று திட்டம். பேப்பரில் பிரமாதமாக இருந்தது. துணி போன நம் சின்ன மன்றோவும் இந்தப் படையில் உண்டு.

பெரிய மன்றோ காஞ்சிபுரம் போனார், உட்கார்ந்தார். சில மைல் தூரத்தில் பெய்லி மாட்டிக்கொண்டு தவிக்கிறார். இவர் ஒரு சிறு படையை மட்டும் உதவிக்கு அனுப்பிவிட்டு, தானியத்துக்குக் காவல் இருந்தார். செப்டம்பர் 10ஆம் தேதி பொள்ளிலூரில் திப்புவும் ஹைதரும் பெய்லியின் படையைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். சேதி வந்ததும் பக்சார் வீரர் என்ன செய்தார்? தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் போட்டார், செங்கல்பட்டுக்கு ஓடினார், அங்கிருந்து சென்னைக்கு. செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு அவசரமாக வருவது எப்படிப்பட்ட அனுபவம் என்று தாம்பரம், பெருங்களத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவருக்குப் பின்னால் ஹைதரின் குதிரைப்படை வேறு.

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'மல்' என்றால் குளறுபடி, சொதப்பல் என்றும் பொருள் உண்டு. அதற்கும் மிளகுத்தண்ணி மல்லுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் ஹெக்டர் மன்றோவுக்கு இரண்டும் பொருந்துகிறதே, நான் என்ன செய்ய!

இந்தப் போரில்தான் நம் கதாநாயகி, அதாவது மிளகுத்தண்ணி, இங்கிலீஷ் எழுத்தில் அரங்கேறுகிறாள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? கவர்னர் மாளிகை விருந்திலா? மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வெள்ளிக் கிண்ணத்திலா? பெங்களூர் ஜெயிலில். ஹைதரிடம் கைதியாக மாட்டியிருந்த ஒரு கப்பற்படைக் கனவான், தன் தலைவிதியை நொந்து ஒரு பாட்டு கட்டினார். 1784இல் அது கல்கத்தா கெஜட்டில் வந்தது. பாட்டின் சாரம் இதுதான்: என்ன புலம்பி என்ன, இங்கே சாப்பாடு மிளகுத்தண்ணி, இல்லாவிட்டால் கஞ்சி.

அதாவது, உலகப் புகழ்பெற்ற அந்த சூப் பற்றி ஆங்கிலத்தில் அகராதிக்காரர்களுக்குக் கிடைத்த முதல் சான்று, ஜெயில் சாப்பாடு சரியில்லை என்ற ஒரு கம்ப்ளைன்ட். இன்றைய பாஷையில் சொன்னால் ஒன்-ஸ்டார் ரெவ்யூ. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஜுரம் வந்தால் நம் வீட்டில் என்ன தருவார்கள்? கஞ்சி, மிளகு ரசம். ஹைதரின் சிறைக்காரர் அவரை நோயாளியாகக் கவனித்திருக்கிறார். கனவானுக்கு அது தெரியாமல் போயிற்று.

விடுதலையான பிறகு கதை தலைகீழாகிறது. வெள்ளைக்காரன் டின்னர் என்றால் முதலில் சூப் வந்தாக வேண்டும். நம் சமையலில் சூப் என்று தனியாக ஒன்று கிடையாது. திரவமாக இருப்பது எல்லாம் சோற்றில் ஊற்றிப் பிசைவதற்கு. சூப் எங்கே என்று துரை மேஜையைத் தட்டினால் சமையல்காரர் என்ன செய்வார்? அடுப்பில் கொதிப்பதை எடுத்துத் தட்டில் ஊற்றுவார். துரை ஸ்பூனால் குடித்தார், இருமினார், கண்ணில் நீர் வந்தது, இன்னொரு தட்டு கேட்டார். அப்புறம் அதில் கோழி விழுந்தது, ஆட்டுக்கறி விழுந்தது, கறிப்பொடி விழுந்தது, இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பிறகு ஆப்பிள்கூட விழுந்தது. ஆப்பிள் போட்ட ரசம். ஜீரணித்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

மல்களிலேயே சாப்பாட்டு ஞானி ஒருவர் உண்டு. மெட்ராஸ் குதிரைப்படையைச் சேர்ந்த கர்னல் கென்னி-ஹெர்பர்ட். 'வைவர்ன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு 1878இல் மெட்ராஸ்வாசிகளுக்கென்றே ஒரு சமையல் புத்தகம் போட்டார். நம் சமையல்காரர்கள் எல்லோருக்கும் அவர் வைத்த பொதுப்பெயர் ராமசாமி. ராமசாமி இதைச் சொதப்பினார், ராமசாமி அதைக் கெடுத்தார் என்று பக்கத்துக்குப் பக்கம் புலம்பல்தான். ஆனால் மிளகுத்தண்ணி விஷயத்தில் மனுஷர் நேர்மையாளர். ஏழை எளியவர்கள் வீட்டில் செய்யும் அசல் முறையை அப்படியே எழுதி வைத்தார். புளி, மிளகாய் வற்றல், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் அரைத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வை. சின்ன வெங்காயம் இரண்டை நெய்யில் வதக்கி அதில் வடிகட்டி ஊற்று. குறை சொல்ல முடியாது, அட்சர சுத்தம்.

கூடவே ஒரு பெருமூச்சும் விட்டார். நன்றாகச் செய்த மல்லிகட்டானி இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறது, அதெல்லாம் அந்தக் காலம் என்றார். 1784இல் ஜெயிலில் தலையெழுத்தே என்று குடித்த தண்ணி, நூறு வருஷத்துக்குள் 'அந்தக் காலத்து டேஸ்ட் வருமா' ரகத்தில் சேர்ந்துவிட்டது! கர்னல் அதோடு விடவில்லை. ரிடையராகி லண்டன் போய் 1894இல் சமையல் பள்ளி ஆரம்பித்தார். வாளை உறையில் போட்டுவிட்டுக் கரண்டியை எடுத்த ராணுவ அதிகாரி. ராமசாமிக்கு அங்கே வேலை கிடைத்ததாகத் தகவல் இல்லை.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி புண்ணியத்தால். மல், க்வி-ஹை, டக், கிரிஃபின், இருட்டூர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. அட்மிரலை நைசாகப் போட்டுக்கொடுத்ததும் அதுதான். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்கள் பேசிய அரைகுறைச் சொற்களின் களஞ்சியம் அது. தலைப்பே அரைகுறை. மொகரம் ஊர்வலத்தில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று எழுந்த குரல் வெள்ளைச் சிப்பாய்களின் காதில் ஹாப்சன் ஜாப்சன் என்று விழுந்தது. காது கேட்காததற்கே நினைவுச்சின்னம் எழுப்பிய ஒரே அகராதி உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

எழுதியவர்கள் இரண்டு பேர். ஹென்றி யூல், வங்காள எஞ்சினியர் படை. ஆர்தர் பர்னெல், மெட்ராஸ் சிவில் சர்வீஸ், தஞ்சாவூரில் ஜட்ஜ், அங்கே அரண்மனையில் இருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் பட்டியல் போட்டவர். பர்னெல் 1882இல் 42 வயதிலேயே போய்ச் சேர்ந்தார், அச்சான புத்தகத்தைப் பார்க்கவில்லை. அதாவது ஒரு க்வி-ஹையும் ஒரு மல்லும் கூட்டுச் சேர்ந்து எழுதிய அகராதி. மல் என்றால் ரசம் என்று ஒரு மல்லே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இதைவிட உறுதியான வாக்குமூலம் எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

மல்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சூப் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜெர்மனியில் ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும் டிவியில் 'டின்னர் ஃபார் ஒன்' என்று ஒரு பழைய கறுப்பு வெள்ளை காமெடி போடுவார்கள். 1963இல் எடுத்தது. பேச்சு முழுக்க இங்கிலீஷ், பார்ப்பது முழுக்க ஜெர்மன்காரர்கள். 90 வயது மிஸ் சோஃபிக்குப் பிறந்தநாள் விருந்து. வந்திருக்க வேண்டிய நண்பர்கள் நாலு பேரும் செத்துப்போய்விட்டதால், அவர்களுக்கான மதுவையும் சேர்த்துக் குடித்துவிட்டு பட்லர் தள்ளாடுவதுதான் கதை. விருந்தில் முதலில் என்ன வருகிறது? மல்லிகட்டானி சூப். நாம் மெரினாவில் ஹேப்பி நியூ இயர் என்று கத்திக்கொண்டிருக்கும்போது, ஜெர்மன் குடும்பங்கள் நம் மிளகுத்தண்ணியைப் பார்த்துச் சிரிக்கின்றன. அமெரிக்காவில் 'சீன்ஃபெல்ட்' சீரியலில் 1995இல் வந்த புகழ்பெற்ற சூப் கடை எபிசோடிலும் இதே சூப்தான். ராயல்டி என்று ஒன்று வந்திருந்தால் நம் பாட்டிகள் போயஸ் கார்டனில் பங்களா வாங்கியிருப்பார்கள்.

ஆனால் இதையெல்லாம் சத்தம் போடாமல் சரியாகச் செய்துகொண்டிருப்பவர்கள் நம் பல்லாவரம், பறங்கிமலை பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அவர்கள் அதை சூப் என்று சொல்வதில்லை, மல்லிகட்டானி என்று நாக்கைச் சுழற்றுவதும் இல்லை. 'பெப்பர் வாட்டர்' என்று பச்சையாக மொழிபெயர்த்துவிட்டார்கள். சோற்றில் ஊற்றி, பக்கத்தில் ஒரு கறி வறுவல் வைத்துக்கொண்டு, கையால் பிசைந்து சாப்பிடுகிறார்கள். துரைமார்களுக்கு நூற்றைம்பது வருஷமாகப் புரியாத ஒரு விஷயம், அது குடிப்பதற்கு அல்ல என்பது, அவர்களுக்கு முதலிலேயே புரிந்திருந்தது.

மூன்று பட்டங்களில் எது மேல் என்று கேட்டால் என் தீர்ப்பு ரசத்துக்குத்தான். க்வி-ஹை என்று இன்று கூப்பிட்டால் எவனும் வர மாட்டான். டக், கருவாடு, அதை மீன் பிடிப்பவர்கள் கவனித்துக்கொள்வார்கள். மல் என்று அழைக்கப்பட்டது ஒன்றும் மானக்கேடு இல்லை, ஹெக்டர் மன்றோவின் கேரியரில் அதுதான் ருசியான பகுதி.

உங்களுக்கு ஒரு யோசனை. ஜிஎஸ்டி ரோட்டில் ஏசி போட்ட ஓட்டல் எதிலாவது மெனு கார்டில் மல்லிகட்டானி சூப் என்று பார்த்தால், விலையைப் பார்த்துவிட்டு மூடி வையுங்கள். நாலு கடை தள்ளி மெஸ் இருக்கும். ஃபுல் மீல்ஸ் சொல்லுங்கள். ரசத்துக்குத் தனி பில் கிடையாது, இரண்டாவது தடவையும் ஊற்றுவார்கள்.